கிளுவை, வெள்வேல், கொழுக்கட்டைப்புல்

கொறங்காடு என்பது கொங்கு நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களில் வேலியடைத்துக் காத்துவரும் சொந்த மேய்ச்சல் காடு. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கங்களிலும், கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி, க.பரமத்தி பக்கங்களிலும், இவற்றை ஒட்டிய ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட ஊர்களிலும் இதைப் பார்க்கலாம். ஒரு கொறங்காடு பெரும்பாலும் நான்கு ஏக்கர் அளவில் இருக்கும். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே தள்ளித் தள்ளி நிற்கும் வெள்வேல மரங்கள். இந்த மூன்றும் இருந்தால்தான் அது கொறங்காடு. ஒன்று குறைந்தாலும் உள்ளூர்க்காரர் அதை வெறும் காடு என்றோ பொட்டல் என்றோதான் சொல்வார்.

பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு அது யாரும் கவனிக்காமல் விட்ட நிலமாகத் தெரியும். கோடையில் பார்த்தால் சாம்பல் நிற வேலியும் மஞ்சள் பாய்ந்த புல் கட்டைகளும் மட்டுமே இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் தானாக அமைந்தது என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. வேலி கையால் நட்டது. புல், விதைத்தும் உழுதும் மேயவிட்டும் நிலைநிறுத்தியது. மரத்தை நட்டவர் யாருமில்லை என்றாலும் அது அங்கே நிற்கலாம் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பண்ணையத்தின் அன்றாட வேலைகளே இந்தத் தாவரக் கூட்டத்தை உண்டாக்கின. அந்த வேலைகள் நடக்கும்வரைதான் அது இருக்கும்.

இந்த வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். சித்திரை, வைகாசியில் இரண்டு மூன்று கோடை மழை கிடைத்தால் நல்ல ஆண்டு. ஆனி, ஆடியில் மழைக்குப் பதில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். நாள் முழுக்க ஓயாமல் அடித்து ஈரத்தையும் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். மண் செம்மண் சரளை. பல இடங்களில் முழ ஆழத்திலேயே சுக்கான்பாறை தட்டிவிடும். இப்படிப்பட்ட நிலத்தில் ஆண்டுதோறும் உழுது கம்பும் சோளமும் விதைப்பது சூதாட்டம். மூன்று ஆண்டு விதைத்தால் ஒரு ஆண்டு விதைக்கூலிகூடத் திரும்பாது. ஆழ வேரோடும் பல்லாண்டுப் புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. மழை பொய்த்த ஆண்டில் அது கட்டையோடு உறங்கும். அடுத்த மழைக்கு மூன்றாம் நாள் பச்சை காட்டும். விளைச்சலை மனிதன் நேராக எடுக்காமல் மாட்டின் வாய்வழி எடுப்பது என்ற முடிவு இந்த மண்ணுக்கு மிகப் பொருத்தமானது. இந்த நாட்டு மக்களான கொங்கரை மாடுகளோடு சேர்த்தே பேசுகிறது சங்க நூலான பதிற்றுப்பத்து. கொறங்காடு இன்றைய வடிவில் எப்போது உருவானது என்பது வேறு கேள்வி. மாடு வளர்ப்பு இந்த நாட்டில் பழையது என்பதில் ஐயமில்லை.

பழைய பண்ணையத்தில் நிலம் மூன்று வகை. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். மானாவாரி வெள்ளாமைக்கு உரியது காடு. மூன்றாவது கொறங்காடு. கொறங்காட்டில் வளர்ந்த காளைதான் தோட்டத்துக் கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைத்தது, காட்டை உழுதது, வண்டி இழுத்துச் சந்தைக்குப் போனது. அதன் சாணம் தோட்டத்துக்கு எருவானது. தோட்டத்தில் அறுத்த சோளத்தட்டு போராகக் குவிக்கப்பட்டு, கொறங்காட்டில் புல் தீர்ந்த மாதங்களில் கட்டுத்தறிக்கு மேவாக, அதாவது தீனியாக, வந்தது. கொறங்காட்டை இந்தச் சுற்றிலிருந்து பிரித்து எடுத்துப் பார்த்தால் அதன் கணக்கு நேராகாது. ஏக்கருக்கு என்ன வருமானம் என்று கேட்கிறவர்கள் எப்போதும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் வேலியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குள்தான் நடக்கிறது. முள்கிளுவை கோடையில் இலை உதிர்த்துக் காய்ந்ததுபோல் நிற்கும் சிறுமரம். கிளை நுனிகள் முள்ளாக முடியும். கிளையை ஒடித்தால் பிசின் வாசம் வரும். அதன் பெரிய குணம், வெட்டி நட்ட போத்து, அதாவது கிளைத்துண்டு, வேர்விடும் என்பது. இலையில்லாமல் உறங்கும் காலத்தில், மழைக்கு முன்பாக, பழைய வேலியிலிருந்து விரல் பருமனுக்கு மேற்பட்ட போத்துகளை நான்கடி, ஐந்தடி நீளத்துக்கு வெட்டுவார்கள். இலையோடு நட்டால் போத்து தன்னிடம் உள்ள ஈரத்தையெல்லாம் இலைவழி இழந்து காய்ந்துபோகும். அதனால்தான் இந்தக் காலக் கணக்கு. வரப்புப்போல் மண் அணைத்து அதில் சாண் இடைவெளிக்கும் நெருக்கமாக நட்டு, இடையில் குறுக்கே வரிச்சு வைத்துக் கட்டுவார்கள். ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிட்டால் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிடிக்காத இடங்களில் அடுத்த ஆண்டு புதுப் போத்து செருக வேண்டும். வேலி முழுமையாகக் கூடி ஆடு நுழைய முடியாத அளவுக்கு இறுகச் சில ஆண்டுகள் ஆகும். அப்படி இறுகிய வேலி ஒரு தலைமுறையைத் தாண்டியும் நிற்கும்.

நிற்கும் என்றால் சும்மா நிற்காது. கிளுவையை அதன் போக்கில் விட்டால் உயர்ந்து மேலே குடை விரித்து அடிப்பக்கம் மொட்டையாகிவிடும். ஆட்டுக்குட்டி புகுந்து வெளியேற அந்த இடைவெளி போதும். அதனால் ஆண்டுதோறும் தலையைக் கழித்துவிட வேண்டும். கழித்தால் அடியிலிருந்து புதுக் கிளைகள் வெடிக்கும். நீண்ட கிளைகளை வெட்டாமல் வளைத்துப் பக்கத்துக் கிளைக்குள் செருகிவிடுவதும் உண்டு. அது அப்படியே வளர்ந்து பின்னலாகிவிடும். ஓட்டை விழுந்த இடத்தில் வெள்வேல முள்ளை வைத்து அடைப்பார்கள். கழித்த தழை பச்சையாக இருந்தால் ஆட்டுக்கு, காய்ந்தது அடுப்புக்கு. வேலி அடைப்பது தனித் திறமையுள்ள வேலை. முள் கிழிக்காமல் கொடுவாளைச் சாய்த்து வெட்டும் விதமும், எந்தக் கிளையை விடுவது எதை எடுப்பது என்ற கண்ணும் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும். இன்று இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் கொறங்காட்டுக்காரர்களின் முதல் புலம்பல்.

வேலி செய்யும் வேலை ஆடுமாட்டைத் தடுப்பதோடு முடிவதில்லை. ஆடிக் காற்று தரையோடு பறக்கவிடும் மண்ணும் புல்விதையும் வேலியடியில் தங்குகின்றன. குருவிகள் உட்கார்ந்து எச்சமிடுவதால் வேம்பும் இலந்தையும் அங்கே முளைக்கின்றன. கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, குன்றிமணி எல்லாம் கிளுவைமேல் ஏறிப் படர்கின்றன. அடியில் சங்கமுள்ளும் கற்றாழையும் கள்ளியும். இரண்டு கொறங்காட்டு வேலிகளுக்கு நடுவே மாடு போய்வர விட்ட ஒடுங்கிய தடத்துக்கு இட்டேரி என்று பெயர். இருபுறமும் வேலி நெருங்கி நிற்கும் இட்டேரிகளில்தான் இந்த வட்டாரத்தின் மூலிகையும் கீரையும் காய்ச்சலுக்கும் கைவைத்தியத்துக்குமான கொடிகளும் அதிகம். வயலை உழுகிறவன் ஏர் அங்கே படாது, மாடும் நின்று மேயாமல் கடந்து போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு சலுகைதான் அவ்வளவு செடிக்கும் இடம் கொடுத்தது. கீரியும் ஓணானும் கௌதாரியும் அதில் குடியிருக்கின்றன. தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டுவதற்கு வேண்டிய பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் பறிக்க ஊர்ப் பிள்ளைகள் போவதும் இட்டேரிக்கும் கொறங்காட்டு ஓரத்துக்கும்தான்.

கொறங்காட்டுக்குள் போக ஒரு கடவு இருக்கும். அதை மூடுவது படல். மேய்க்க ஆள் தேவையில்லை என்பது கொறங்காட்டின் பெரிய வசதி. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டு மூடிவிட்டால் மாலையில் போய்ப் பார்த்தால் போதும். பல இடங்களில் இரவிலும் மாடுகள் உள்ளேயே தங்கும்.

இனிப் புல். கொழுக்கட்டைப்புல் தூர் கட்டி வளரும். கதிரில் விதைகள் மெல்லிய முள்மயிர் சூழ்ந்த சிறு கொத்துகளாக இருக்கும். காற்றில் உருளும், ஆட்டு மயிரில் ஒட்டும், துணியிலும் ஏறும். இந்த விதைக்கு உறக்கம் உண்டு. உதிர்ந்த புதிதில் விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் கழித்தே நன்றாக முளைக்கும். அதனால் முந்தைய மழைக்காலத்து விதையைப் பெண்கள் கதிரோடு கையால் உருவி முறத்தில் சேர்த்து, காயவைத்து, சாக்கில் கட்டி அடுத்த மழைவரை வைத்திருப்பார்கள். விதைக்கும்போது ஆழப் போகக் கூடாது. உழுத புழுதியின்மேல் தூவி முள்கிளையை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். மண்ணுக்குள் ஆழப் புதைந்த விதை முளைத்து வெளியே வராது.

புதிதாகப் புல் கட்டும் நிலத்தில் தனியாகப் புல்லை மட்டும் விதைப்பது குறைவு. கம்போ சோளமோ கொள்ளோ நரிப்பயறோ விதைக்கும்போது கூடவே புல்விதையையும் தூவுவார்கள். முதல் ஆண்டு வெள்ளாமையின் நிழலில் புல் நாற்று தலைகாட்டும். வெள்ளாமையை அறுத்த பிறகு அதற்கு வெளிச்சம் கிடைத்துத் தூர் விரியும். அந்த ஆண்டு விதை உதிரும்வரை மாட்டை விடக்கூடாது. இந்தப் பொறுமையைக் காட்ட முடியாதவர் நிலத்தில் புல் நிலைத்ததாகச் சரித்திரமில்லை.

நிலைத்துவிட்ட புல்லையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உழ வேண்டும். புல்லுக்காக வைத்திருக்கிற நிலத்தை உழுவது வெளியாருக்கு விநோதமாகப் படும். ஆனால் குளம்பு மிதித்து மிதித்து மேல்மண் இறுகிப்போகிறது; மழைநீர் இறங்காமல் ஓடிவிடுகிறது. பழைய தூர் நடுவில் செத்து வளையமாக மட்டும் உயிரோடு இருக்கும். கோடை மழைக்கோ புரட்டாசி மழைக்கோ ஒரு சால் ஓட்டினால் மண் திறந்துகொள்ளும், தூர் உடைந்து பிரியும், பிரிந்த ஒவ்வொரு துண்டும் தனித் தூராகும். மண்ணில் கிடந்த விதையும் முளைக்கும். கூடவே கொள்ளும் நரிப்பயறும் விதைத்தால் அந்த ஆண்டு மேவும் கிடைக்கும், பயறு வகை மண்ணுக்கு வலுவும் சேர்க்கும். கொறங்காட்டுப் புல்வெளி வயதாகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த உழவு. காட்டுக்கும் வயலுக்கும் நடுவே அது காலம் முழுக்க ஊசலாடிக்கொண்டே இருக்கிறது.

மேயவிடும் கணக்கில்தான் பண்ணையக்காரரின் கைத்திறன் தெரியும். மாடு நாக்கால் சுருட்டி இழுத்து மேயும்; அதற்குப் புல் ஓரளவு உயரமாக இருக்க வேண்டும். செம்மறி தரையோடு கரண்டும். அதனால் மழைக்குப் பின் புல் வளர்ந்ததும் முதலில் மாட்டை விடுவார்கள், பின்னால் எருமை, கடைசியில் செம்மறி. முறை மாறினால், அதாவது செம்மறி முதலில் போய்விட்டால், மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. புல்லின் வளர்நுனியும் பறிபோகும். வெள்ளாட்டை விடுவதில் பலருக்குத் தயக்கம். அது புல்லை விட்டுவிட்டு வேலியைத் தின்னும். இந்த ஒழுங்கு எழுதப்பட்டதல்ல. ஆனால் இரண்டு மூன்று கொறங்காடு உள்ளவர் ஒன்றை மேயவிட்டு மற்றதைப் பூட்டிவைக்கும் பழக்கம் ஊர்தோறும் உண்டு. பூட்டிவைத்த காட்டில் புல் கதிர் வாங்கி விதை உதிர்த்த பிறகே படல் திறக்கும்.

ஒரு கொறங்காடு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் புல்லை அளக்க வேண்டியதில்லை, கூட நிற்கும் செடிகளைப் பார்த்தால் போதும். மாடு விரும்பாத கொளிஞ்சியும் ஆவாரையும் கூடிக்கொண்டே போனால், ஊசிப்புல் மிகுந்து கொழுக்கட்டைப்புல் வேலியோரத்துக்கு ஒதுங்கினால், அந்தக் காட்டில் தலைக்கணக்கு மீறிவிட்டது. மாறாக, புல் இடுப்பளவு காய்ந்து சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தாலும் நல்லதில்லை. காய்ந்த தட்டை புதுத் துளிருக்கு வெளிச்சம் விடாது, கறையான் ஏறும், தீப்பொறி விழுந்தால் வேலியோடு போய்விடும். மேய்ச்சல் அதிகமானாலும் புல் அழிகிறது, இல்லாமற்போனாலும் அழிகிறது. இரண்டாவதை நம்புவதற்குத்தான் படித்தவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது.

இதற்கு வெளியூர்ச் சான்று ஒன்று உண்டு. ராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பறவைப் புகலிடத்தில், எருமைகளும் மாடுகளும் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று கருதி 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்ப்பு வலுத்துத் துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்கள் பலியாயின. தடைக்குப் பிறகு எருமைகள் தின்றுவந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. நீரில் இரை தேடும் பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு நன்மையே செய்துவந்தது என்ற முடிவுக்கு வந்தது. நிலத்தை வேலியடைத்து மனிதனையும் மாட்டையும் வெளியேற்றினால் இயற்கை தானே திரும்பிவிடும் என்ற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மேய்ச்சலோடு சேர்ந்தே பல நூற்றாண்டு வளர்ந்த நிலத்துக்கு அது நிச்சயம் பொருந்தாது.

மாடு மேய்வதால் மட்டும் புல்வெளியை வளர்ப்பதில்லை. அது நடக்கும், படுக்கும், சாணி போடும். இரவில் உள்ளேயே தங்கும் மாடுகள் பகலில் பல இடத்தில் தின்றதைக் காடெங்கும் பரவலாகத் திருப்பிக் கொடுக்கின்றன. சாணி உருட்டி வண்டு அதை இழுத்துப் புதைக்கிறது. உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பொறுக்குகிறது. கரிச்சான் அதன் முதுகிலேயே உட்கார்ந்து வேட்டை பார்க்கிறது. திறந்த புல்வெளியில் தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் காடைக்கும் அடர்ந்த தோப்பு உதவாது. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகளும் இப்படிப்பட்ட தாழ்ந்த புல்வெளிகளின்மேல்தான் தரையோடு பறந்து இரை தேடும்.

மூன்றாவது உறுப்பு வெள்வேல மரம். வெளிறிய பட்டை, பரந்த தலை, நீண்ட வெள்ளை முள். அதன் இலை சிறியது. நிழல் விழும், ஆனால் வெயிலை முழுக்க மறைக்காது. அதனால் மரத்தடியிலும் புல் வளரும். புளியோ ஆலோ நின்றால் அடியில் ஒன்றும் முளைக்காது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றையும் வறட்சியையும் தாங்குவதில் இதற்கு நிகரான மரம் இந்த மண்ணில் அரிது. மழைக்காலத்தை ஒட்டிப் பூத்துக் கோடையில் காய் முற்றும். புல் தீர்ந்து தட்டுப்போரும் கரைந்த சித்திரை, வைகாசியில் காய் உதிர்வது இதன் அருமை. தொரட்டியால் உலுக்கிவிட்டால் செம்மறிகள் ஓடிவந்து பொறுக்கும். மிகுந்த காயைக் காயவைத்துச் சேமிப்பதும் விற்பதும் உண்டு. கீழ்க்கிளைகளை மாடு எட்டும் உயரம்வரை மாடே தின்று ஒழுங்குபடுத்திவிடும். அதற்கு மேலே மனிதன் கழித்து முள்ளை வேலிக்கு எடுப்பான். அடிமரம் வண்டிச் சாமானுக்கும் ஏர்க்கருவிக்கும். பட்டையைச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் தேடி வந்த காலமும் இருந்தது. பட்டைச் சாராயம் என்ற பெயரில் அந்தப் பட்டைக்கும் பங்கு உண்டு.

வெள்வேலை யாரும் நாற்றுவிட்டு நடுவதில்லை. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதையின் கெட்டித் தோல் இளகி, புழுக்கையோடு வெளியே வந்து, மழைக்கு முளைக்கிறது. பட்டி போட்ட இடத்தில் நூற்றுக்கணக்கில் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானதை மேய்ச்சலே அழித்துவிடும். தப்பியதில் பெரும்பங்கு உழவில் போகும். இடம் சரியாக அமைந்த செடியை மட்டும் உழவர் ஏரைச் சற்று விலக்கி ஓட்டி விட்டுவைப்பார். சிலர் அதைச் சுற்றி நாலு முள் போட்டு மறைப்பார்கள். மரங்கள் ஒன்றுக்கொன்று தலை முட்டாமல் நிற்கும் அந்த இடைவெளி, பல தலைமுறை உழவர்கள் ஏர் விலக்கிய விலக்கலால் வந்தது. வேம்பு, அரப்பு, வன்னி, இலந்தை, பனை ஆகியவையும் இப்படி விடப்பட்டவையே.

இந்த நிலத்தின் பிள்ளைதான் காங்கேயம் மாடு. அளவான தீனிக்குப் பழகியது. கல்லுக்காட்டில் நடந்து குளம்பு இறுகியது. மயிலை, செவலை, காரி, பில்லை என்று நிறத்தால் பெயர் சொல்வார்கள். பிறக்கும்போது சிவப்பாக இருக்கும் கன்று சில மாதங்களில் நிறம் மாறும். சுண்ணாம்புச் சத்துள்ள இந்த மண்ணின் புல்லைத் தின்பதால்தான் எலும்பு உறுதி என்பது வளர்ப்பவர்களின் நம்பிக்கை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதில் பெரும் பெயர் பெற்றது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு இன்றும் காங்கேயம் மாடுகள் வருகின்றன. செம்மறியில் மேச்சேரி, மயிலம்பாடி இனங்கள் இங்கே அதிகம். இரண்டும் கம்பளி இல்லாத, இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படும் ஆடுகள்.

கொறங்காடு சுருங்கத் தொடங்கியது ஒரே நாளில் அல்ல. 1950களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தபோது அதன் பாசனத்தில் விழுந்த காடுகள் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் மாறின. அதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் வந்த நிலத்தை எந்த உழவனும் புல்லுக்கு விடமாட்டான். மோட்டார் வந்து கவலை இறைப்பு நின்றது. டிராக்டர் வந்து ஏர் நின்றது. உழவுக்கும் இறைப்புக்கும் வேண்டாத காளையை யார் வளர்ப்பார்கள்? பால் பணம் கொடுக்கும் கலப்பினப் பசுவுக்குக் கொறங்காட்டு வெயிலும் தாங்காது, அந்தப் புல்லும் போதாது. 1990களின் பத்தாண்டில் காங்கேயம் மாடுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள் வேலைக்கு ஆளை இழுத்தன. பாகப்பிரிவினையில் நான்கு ஏக்கர் இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு ஏக்கரில் மேய்ச்சல் முறைவைக்க முடியாது. பிறகு மனையிடம், காற்றாலை, சூரிய மின்தகடு.

மாட்டின் இடத்தைச் செம்மறி பிடித்துக்கொண்டதால்தான் கொறங்காடு இன்னும் பிழைத்திருக்கிறது. நிலமில்லாதவர்களும் கொறங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கிறார்கள். குண்டடம், கன்னிவாடி சந்தைகளில் ஆட்டுக்கு விலை உண்டு. ஆனால் செம்மறி மட்டுமே மேயும் காட்டின் போக்கு வேறு. தரையோடு கரண்டுவது கூடி, உயரப் புல் நிற்க இடமில்லாமல் போகிறது. குத்தகைக்காரருக்கு ஒரு ஆண்டுக் கணக்குதான். வேலி கழிப்பதும் மூன்றாம் ஆண்டு உழவும் அவர் பொறுப்பில்லை, வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு நினைவும் இல்லை. இப்போது இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டங்கள் வேலி தாண்டிப் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், வளர்ப்பவர்கள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்து இழப்பீடு கேட்பதும் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி நடந்தன. சாலையோரம் கொட்டும் இறைச்சிக் கழிவுதான் நாய்களைப் பெருக்கியது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆள் காவல் தேவையில்லை என்ற கொறங்காட்டின் அடிப்படை வசதியையே இது உடைத்துவிட்டது.

கைவிட்ட கொறங்காடு என்ன ஆகிறது என்பதற்குச் சான்றுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை, சாலையோரமே கிடக்கின்றன. முதலில் வேலி தலை விரிந்து அடி மொட்டையாகும். வெளி ஆடுகள் காலமில்லாமல் புகும். கொழுக்கட்டைப்புல் விதை வைக்க நேரமின்றி மெலியும். அந்த இடைவெளியில் சீமைக் கருவேலம் வருகிறது. அது வரும் வழி வெள்வேல் வரும் அதே வழிதான்: காய் இனிப்பு, ஆடு தின்னும், புழுக்கையில் விதை போகும். வேறுபாடு ஏரில் இருக்கிறது. முன்பு வேண்டாத நாற்றை உழவு எடுத்துவிடும். இப்போது ஏர் வருவதில்லை. எடுக்காத சீமைக் கருவேலம் சில ஆண்டுகளில் தலையோடு தலை முட்டி மூடிவிடும்; அடியில் புல் முளைக்காது. வெளியே இருந்து பார்த்தால் முன்னைவிடப் பசுமை கூடியிருக்கும். கொறங்காடு போய்விட்டிருக்கும்.

இந்த நிலங்களை மரமில்லாத வறண்ட தரிசு என்று கருதி மரம் நட்டுக் காடாக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் குழி போட்டு நெருக்கமாக மரம் நட்டால் அங்கே வருவது தோப்பு. நிழல் பெருகினால் புல் போகும், புல்லோடு ஆடும் மாடும் போகும், தரைக்கூட்டுப் பறவையும் போகும். கொறங்காட்டுக்கு உதவ நினைப்பவர் செய்ய வேண்டியது வேறு: வேலி கழிக்கக் கூலிக்கு உதவி, நல்ல கொழுக்கட்டைப்புல் விதை, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க இயந்திரம், நாய்க்கடிக்கு உடனடி இழப்பீடு. உள்நாட்டு மாட்டினத்தைக் காப்பதற்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு அது மேயும் நிலத்துக்கும் போக வேண்டும். கட்டுத்தறியில் தவிடு தின்று நிற்கும் காங்கேயம் காளை இனத்தைக் காக்கலாம், புல்லைக் காக்காது.

அந்தப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிய முதல் வாரமே பொக்லைனை விட்டுக் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கல்கால் நட்டுக் கம்பி இழுக்காதீர்கள். எல்லை அளக்க வேண்டுமானால் வேலியை ஒட்டியே கல் போடலாம். ஒருமுறை கழித்துவிட்டு, ஓட்டையில் நாலு போத்து செருகி, பக்கத்து ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் குத்தகைக்கு விடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உழவேண்டும் என்பதைக் குத்தகைப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.